ஸ்ரீரங்கத்தைத் தீவாகப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர்களில் பாதிப் பேர் அந்தமானையோ மாலத்தீவையோ பார்த்துவிட்டு வந்தவர்கள். கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் நீலக் கடலைக் காட்டுவார்கள். பிறகு, "உங்கள் ஊரில் பெருமாளைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பதே ஒரு தீவில்தான் என்று சொன்னால், கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். திருவானைக்காவலில் பிறந்து, இரண்டு ஆறுகளுக்கு நடுவிலேயே காலத்தைக் கழித்தவன் நான். வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கோயில் சேவை நேரம், கட்டணம் பற்றிய விவரம் எதுவும் இதில் இல்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கம் உண்மையிலேயே தீவுதானா, பேச்சுக்குச் சொல்கிறீர்களா?

தீவுதான். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. கிழக்கே கல்லணை அருகில் இரண்டும் மறுபடி ஒன்றையொன்று தொடுகிற தூரத்துக்கு வந்துவிடுகின்றன. அங்கே உள்ளாறு என்ற சிறிய இணைப்பு, காவிரியையும் கொள்ளிடத்தையும் கோத்துவிடுகிறது. நான்கு பக்கமும் நீர் என்ற கணக்கு அதோடு சரியாகிவிடுகிறது. நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அகலமோ பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. வெள்ளரிப் பிஞ்சு போல மெலிந்து நீண்ட நிலம்.

எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பாலம் ஏறாமல் இங்கே நுழைய முடியாது. திருச்சியிலிருந்து வந்தால் காவிரிப் பாலம். சென்னைப் பக்கமிருந்து வந்தால் கொள்ளிடப் பாலம். பாலத்தில் பஸ் ஏறும்போது எல்லோரும் கோபுரம் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டுகிறார்கள். கீழே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

பெயரிலேயே தீவு இருக்கிறது என்கிறார்களே?

ஆமாம். ஆற்றின் நடுவே எழும் மேட்டு நிலத்துக்குத் தமிழில் அரங்கம் என்று ஒரு பெயர் உண்டு. துருத்தி என்றும் சொல்வார்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திருப்பூந்துருத்தி இருக்கிறதே, அந்தத் துருத்திதான். ஆற்றிடைக்குறை என்பது புலவர்கள் வாக்கு. ஆகவே திருவரங்கம் என்று சொல்லும்போதே தீவு என்றுதான் சொல்கிறோம். நாடக அரங்கத்தை நினைத்துக்கொள்வது பிற்காலத்துப் பழக்கம்.

காவிரியில் இப்படிப் பெருமாள் பள்ளிகொண்ட தீவுகள் மூன்று: கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், அதை அடுத்து சிவசமுத்திரம், கடைசியாக இங்கே. ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்று வரிசையாகச் சொல்வார்கள். முதல் இரண்டும் பாறை சூழ்ந்த தீவுகள். இது மணலும் வண்டலும் சேர்ந்த தீவு. டெல்டாவின் மண் இங்கேதான் தொடங்குகிறது.

எந்த மாதத்தில் வரலாம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. நீங்கள் தண்ணீரைப் பார்க்க வருகிறீர்களா, மணலைப் பார்க்க வருகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. அணையில் இருப்பு இல்லாத வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் இரண்டு மூன்று நாளில் இந்தத் தீவைத் தொட்டுவிடும். முதல் தண்ணீர் வருவதைப் பார்ப்பது தனி அனுபவம். ஆரவாரமாக வராது. காய்ந்த மணலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு ஒரு நாக்கு போல நீண்டு வரும். மணல் 'சொர்' என்று அதைக் குடிக்கும். நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது பின்னாலிருந்து அடுத்த நாக்கு அதன்மேல் ஏறி வரும். எங்கள் பாட்டி அந்த நுரையைக் காலால் மிதிக்க விடமாட்டாள். முதலில் கையால் தொட்டு கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பாள்.

ஆடி, ஆவணியில் காவிரி கரை நிறைந்து ஓடும். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் நிற்க இடம் கிடைக்காது. காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு என்று ஆற்றுக்குப் படைத்துவிட்டு, தூக்குச்சட்டியில் கொண்டுவந்த புளியோதரையையும் தேங்காய் சாதத்தையும் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்று வாருங்கள். பிடிக்காது என்றால் அதற்கு ஒரு வாரம் கழித்து வாருங்கள். அதே தண்ணீர்தான் ஓடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தை பனியும் பச்சையும். பங்குனி முதல் வைகாசி வரை வெயில் கொளுத்தும். ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மாதங்களில் வராதீர்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கொள்ளிடத்தைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

முழுத் தீவையும் ஒரே பார்வையில் பார்க்க இடம் உண்டா?

உண்டு. ஆனால் அது தீவில் இல்லை. காவிரிக்குத் தென்கரையில் மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு ஏறுங்கள். பாறை 83 மீட்டர் உயரம். படிகள் 400க்கு மேல். ஏறி வடக்குப் பக்கம் திரும்பி நின்றால் கீழே காவிரி, அதற்கப்பால் ஒரே தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவிலிருந்து கோபுரங்கள், அதற்கும் அப்பால் வெள்ளைக் கோடாகக் கொள்ளிடம். மேற்கிலும் கிழக்கிலும் அந்தப் பச்சை, கண்ணுக்கு எட்டும் வரை இழுத்துக்கொண்டே போகும். ராஜகோபுரம் 236 அடி; 1987இல் கட்டி முடித்தது. அதுகூட மேலிருந்து பார்த்தால் தோப்பில் நட்டுவைத்த கொழுக்கட்டை அச்சு போலத் தெரியும்.

விபீஷணன் கொண்டுவந்த விமானத்தைத் தீவில் கீழே வைக்கச் செய்துவிட்டு, ஆட்டிடையச் சிறுவன் வேஷத்தில் இருந்த பிள்ளையார் ஓடி ஒளிந்தது இந்தப் பாறையில்தான் என்பது கதை. நல்ல இடமாகப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறார்.

வருகிறவர்கள் கோயிலை முடித்துவிட்டுக் கடைசியாக, கால் ஓய்ந்த பிறகு, மலைக்கோட்டைக்குப் போகிறார்கள். அதை மாற்றிப் போடுங்கள். தீவின் வரைபடம் முதலில் மனதில் விழுந்துவிட்டால், பிறகு எந்தத் தெருவில் நடந்தாலும் எந்தப் பக்கம் ஆறு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

காவிரி, கொள்ளிடம் இரண்டும் ஒரே தண்ணீர்தானே? இரண்டையும் ஏன் பார்க்க வேண்டும்?

தண்ணீர் ஒன்று. குணம் வேறு. என்னைக் கேட்டால் இந்தத் தீவில் பார்க்க வேண்டியதே இந்த வித்தியாசம்தான்.

காவிரி வளர்த்த பிள்ளை. முறை வைத்து விடும் தண்ணீர், கட்டிய படித்துறை, கரையில் மருத மரம், அரச மரத்தடியில் நாகர். கொள்ளிடம் அப்படியல்ல. காவிரி கொள்ளாததைக் கொள்ளும் இடம் அது. பெயருக்கு அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். வெள்ளம் வந்தால் மட்டும் அதில் ஆறு ஓடும். மற்ற நாளில் மைல் கணக்கில் மணல், நடுவே கணுக்கால் அளவு ஓடை, அங்கங்கே நாணல். வைஷ்ணவர்கள் அதையும் விடாமல் வடதிருக்காவேரி என்று பெயர் சூட்டி வணங்குகிறார்கள்.

இதன் உள்வேலை சுவையானது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது, சரிவும் அதிகம். ஆறு தன் போக்கில் விடப்பட்டால் தண்ணீர் வடக்கே கொள்ளிடத்துக்குத்தான் ஓடும். காவிரியில் வண்டல் படிந்து மேடேறும். தஞ்சாவூர்ச் சீமை காய்ந்துபோகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். தீவின் மறுகோடியில், கிழக்கே, இதே தொல்லைக்குச் சோழர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போட்ட முடிச்சு கல்லணை. இரண்டு கோடியிலும் இரண்டு அணை, நடுவில் நாங்கள்.

நடந்து பார்க்க விரும்பினால் வழி எளிது. காலை ஆறு மணிக்கு அம்மா மண்டபத்தில் காலை நனைத்துக்கொண்டு வடக்கே கிளம்புங்கள். ராஜகோபுரத்தைக் கடந்து, உத்திர வீதி, சித்திரை வீதி என்று வீதிகளைச் சுற்றிக்கொண்டு வடக்கு வாசல் வழியாக வெளியேறி, அடையவளைந்தான் வீதியைத் தாண்டி நேரே போனால் கொள்ளிடக் கரை. மொத்தம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஒரு தீவை அகலவாக்கில் முழுதாகக் கடந்துவிட்டீர்கள். நடுவில் ஒரு காபிக்கும் நேரம் இருக்கிறது.

கோடையில் கொள்ளிடத்து மணலில் இறங்கி நடக்கும்போது தலைக்கு மேல் ஒரு குருவி கத்திக்கொண்டே வட்டமிட்டால் அங்கேயே நில்லுங்கள். அது ஆள்காட்டி. கூடு கட்டாது, மணலில் சரளைக்கல் கிடக்கிற இடமாகப் பார்த்து ஒரு சின்னப் பள்ளத்தில் முட்டையிடும். ஒருமுறை என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நான்கு கிடந்தன. களிமண் நிறம், மேலே கரும்புள்ளி. கூர்முனைகள் நான்கும் உள்நோக்கி, பூ இதழ் அடுக்கியது போல. ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்த பிறகுதான் அவை கல்லல்ல என்று உறைத்தது. வந்த தடத்திலேயே காலடி வைத்துத் திரும்பினேன். தாய்ப்பறவை ஓடை வரை என்னைக் கத்திக்கொண்டே கொண்டுவந்து விட்டது. புரட்டாசி, ஐப்பசியில் போனால் முட்டை இருக்காது; நாணல் பூத்திருக்கும். சாயங்கால வெயில் அதன் பின்னாலிருந்து விழும்போது கரை முழுக்கப் பஞ்சு பற்றிக்கொண்ட மாதிரி இருக்கும்.

குறையும் சொல்லிவிட வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்களும் சீமைக் கருவேலமும் கொள்ளிடத்தின் பல இடங்களைக் கெடுத்து வைத்திருக்கின்றன. வாய்க்கால்களில் ஆகாயத் தாமரை. படத்தில் பார்ப்பது போலத் துடைத்து வைத்த ஆற்றை எதிர்பார்க்காதீர்கள்.

முக்கொம்பு போக வேண்டுமா?

குழந்தைகள் இருந்தால் கட்டாயம். தீவின் மேற்கு முனை அது. பூங்கா, ஊஞ்சல், மர நிழல், கட்டுச்சோறு. எங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலே முக்கொம்புதான். ஸ்ரீரங்கத்திலிருந்து தீவுக்குள்ளேயே போவதைவிட, தென்கரையில் கரூர் சாலை வழியாகப் போய் அணைப்பாலம் கடந்து நுழைவது சுலபம்.

பெரியவர்கள் பார்க்க வேண்டியது கொள்ளிடத்துப் பக்கம். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது பழைய கதவணையில் 9 மதகுகள் அப்படியே ஆற்றோடு போயின. அதற்குச் சில நாள் முன்புதான் ஊருக்கு வடக்கே, 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களையும் அதே வெள்ளம் சாய்த்திருந்தது. அந்தப் பாலத்தில் அப்போது வண்டி ஓட்டம் இல்லை. இப்போது முக்கொம்பில் புதுக் கதவணை நிற்கிறது. பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் மாறிமாறிப் பாருங்கள்: ஒரே ஆறு எப்படி இரண்டாகிறது என்பது பாடப் புத்தகத்தில் படித்ததைவிட நன்றாகப் புரியும்.

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பூச்சி ஒன்றுமே இல்லை என்கிறார்களே?

போகிற நேரம் தப்பு. நானும் அந்தத் தப்பைச் செய்தவன். ஒரு மே மாதம், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, சித்தப்பா குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று பூச்சிகள். அதில் ஒன்று சிமென்டில் செய்தது.

வண்ணத்துப்பூச்சிக்கு வெயில் வேண்டும், ஆனால் சூடு ஆகாது. இறக்கை காய்ந்து உடம்பு சூடேறிய பிறகுதான் பறக்கும். ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரைதான் அதன் அலுவலக நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் என்றால் மழை பெய்து செடி தளிர்த்த பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை.

2015இல் திறந்த பூங்கா இது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூரில், வனத்துறையின் காட்டு நிலத்தில் 25 ஏக்கர். பூச்சிகளைப் பிடித்துக்கொண்டுவந்து விட்ட இடம் அல்ல. அவற்றுக்குப் பிடித்த செடியை நட்டு, தானாக வரவைத்த இடம். அங்கே போனால் பூச்சியைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள். எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பூச்சி பக்கத்தில் இருக்கும். அதன் புழு எருக்கிலையைத் தின்று, எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பறவை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டால் அடுத்த தடவை கிட்டே வராது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைச் செடிகளில் எலுமிச்சை அழகியின் புழுவைப் பார்க்கலாம். இளம் புழு காக்கை எச்சம் போலவே இருக்கும். அதுதான் அதன் தற்காப்பு. கிலுகிலுப்பைச் செடியில் நீல வரியன் ஆண்கள் கூட்டமாக மொய்க்கும். அது தேனுக்காக அல்ல, செடியின் சாற்றுக்காக. பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் அது தயார் செய்துகொள்கிறது.

செயற்கைக் குளம், பொம்மைப் பூச்சிகள், குழந்தைகள் விளையாடும் இடம் என்று சேர்த்தும் வைத்திருக்கிறார்கள். வார விடுமுறை நாள் உண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்தால், திரும்பும் வண்டிக்கும் அப்போதே பேசிவிடுங்கள். அங்கே காத்திருந்தால் வண்டி கிடைப்பது உறுதியில்லை.

கோயிலுக்குள்ளும் இயற்கை என்று எதையாவது சொல்வீர்களா?

திருவானைக்காவலைச் சொல்வேன். ஐம்பூதத் தலங்களில் இது நீர்த்தலம். ஜம்புகேசுவரர் கருவறையில் நீர் ஊறுகிறது. ஒன்பது துளைச் சாளரம் வழியாகப் பார்க்க வேண்டும். பக்தியோடு பார்ப்பவர்கள் அப்படிப் பார்க்கட்டும். நான் இன்னொரு விதமாகவும் பார்ப்பேன்: இரண்டு ஆற்றுக்கு நடுவே, மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்த நிலத்தில், கையெட்டும் ஆழத்தில் நீர் இருப்பதில் வியப்பென்ன? திருச்சி நகரத்துக் குடிநீரே இந்த ஆற்று மணலுக்கடியில் கிணறு இறக்கி எடுப்பதுதான். தீவு முழுதும் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தெய்வமாக்கிக் கருவறையில் வைத்தவர்களுக்கு நிலம் தெரிந்திருக்கிறது.

அங்கே தலமரம் வெண்ணாவல். ஜம்பு என்றாலே நாவல்தான். ஸ்ரீரங்கத்தில் சந்திர புஷ்கரணிக் கரையில் புன்னை. கடற்கரையில் நிற்க வேண்டிய மரம் இவ்வளவு உள்நாட்டில் எப்படி என்று யோசித்துக்கொண்டே அதன் நிழலில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

கிழக்கே கல்லணை வரை போகலாமா? வழியில் என்ன இருக்கிறது?

போகலாம் என்பதல்ல, போக வேண்டும். மேற்குப் பக்கம் ஊர் நெருங்கிவிட்டது. கிழக்குப் பக்கம்தான் தீவு இன்னும் தீவாக இருக்கிறது.

திருவானைக்காவலிலிருந்து கல்லணைச் சாலை கிளம்புகிறது. திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு. ஊர்ப் பெயர்களைக் கவனித்தீர்களா? சோலை, பனை, கிளி. ஏறத்தாழ 15 கிலோமீட்டர். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கல்லணை பஸ் உண்டு. ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவே போதும். இரண்டு சக்கர வண்டி இருந்தால் இன்னும் நல்லது.

இருபுறமும் வாழை. காற்று பலமாக அடிக்கும் ஆடியில் இலைகள் கிழிந்து தோரணமாகத் தொங்கும். தார் விட்ட மரங்களுக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருப்பார்கள். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன், மொந்தன் என்று தோட்டத்துக்குத் தோட்டம் இனம் மாறும். பார்த்ததும் பிரித்துச் சொல்ல எனக்கே வராது. தார் தெரிந்தால்தான் சொல்வேன். பனை மரம் இருந்தால் ஓலை நுனியைப் பாருங்கள். தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். பாதி கட்டி விட்டுவிட்ட கூடுகளும் இருக்கும். ஆண் கட்டுகிறது, பெண் வந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்று போய்விடுகிறது. வீடு கட்டியவர்களுக்குப் புரியும்.

உத்தமர்சீலியில் ஒரு தரைப்பாலம் வரும். வண்டியில் போகிறவர்கள் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். காவிரியில் வெள்ளம் கரையேறினால், உபரி நீர் இந்தச் சாலையின் மேலேயே வழிந்து வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்து கொள்ளிடத்துக்குப் போகும். அந்த நாட்களில் போக்குவரத்து நின்றுவிடும். ஆற்றுக்கு மனிதன் வழி ஒதுக்கிக் கொடுத்திருக்கிறானா, மனிதனுக்கு ஆறு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறதா என்று அங்கே நின்றால் குழப்பம் வரும்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிற இடம் பாலத்தின் மேலிருந்து ஒரே நடையில் தெரியும். கரிகாலன் கட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. இதில் எனக்குப் பிடித்தது அடித்தளம். மணலில் கல்லைப் போட்டால் ஓடும் தண்ணீர் அடிமணலை அரிக்கும், கல் இறங்கும். அதன் மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். இறங்காமல் நிற்கும் வரை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, இடையில் களிமண்தான். ஆழம் காண முடியாத மணலில் அணை நிறுத்தும் இந்த வித்தையை இங்கிருந்து கற்றுக்கொண்டதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். இன்று நாம் பார்க்கும் மதகும் பாலமும் பிற்காலத்து வேலை. பழைய கல் எல்லாம் காலுக்கடியில்.

ஆற்றில் குளிக்கலாமா?

அம்மா மண்டபம் போன்ற படித்துறையில், படியிலேயே நின்று, கூட்டத்தோடு குளிக்கலாம். வேறு எங்கும் வேண்டாம். மணல் எடுத்த பள்ளம் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழம் வரும். நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், தெரியும் என்ற தைரியத்தில். முக்கொம்பிலும் கல்லணையிலும் மதகுக்குக் கீழே இறங்கவே கூடாது. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தால் மணலில் நடப்பதும் அன்றோடு சரி.

என்ன பறவைகள் தெரியும்?

நீர்க்காகம், சிறு வெண்கொக்கு, மடையான், மீன்கொத்தி, ஆற்று ஆலா. அறுவடை முடிந்த வயலில் நத்தைகுத்தி நாரை. அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அதிகாலையில் தொலைநோக்கியோடு வந்தால் பட்டியல் நீளும். பறவைக்கென்றே ஒரு பயணம் வேண்டுமானால் டெல்டாவின் மறுகோடியில் கோடியக்கரைக்குப் போங்கள். இந்தத் தீவு அதற்குப் போட்டி அல்ல.

சாப்பாடு?

திருவானைக்காவலில் நெய் தோசை. மற்றபடி வாழைப்பழம். கடையில் எடை போட்டு விற்கும் பச்சைப் பழத்தை விட்டுவிட்டு, கல்லணைச் சாலையோரம் தாரோடு தொங்கும் ரஸ்தாளியையோ கற்பூரவல்லியையோ கேட்டு வாங்குங்கள். ரஸ்தாளியின் தோலில் கரும்புள்ளி விழுந்திருந்தால் அழுகியது என்று ஒதுக்காதீர்கள். அப்போதுதான் அது பழம்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எப்படிச் சுற்றுவது?

விடியலில் அம்மா மண்டபம். அங்கிருந்து நடந்து கொள்ளிடம். ஒன்பதரைக்கு மேலூர்ப் பூங்கா. மதியம் வெயிலில் எங்கும் அலையாமல் சாப்பிட்டுத் தூங்குங்கள். கோயில்களும் அப்போது நடை சாத்தியிருக்கும். நான்கு மணிக்குத் திருவானைக்காவல், அங்கிருந்து கல்லணை, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். மலைக்கோட்டையும் முக்கொம்பும் இரண்டாம் நாளுக்கு. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் கார் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டுப் போவீர்கள்.

ஸ்ரீரங்கத்துக்கே ரயில் நிலையம் இருக்கிறது; சென்னையிலிருந்து வரும் பல ரயில்கள் நிற்கும். திருச்சி நகரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் திருச்சி வந்து மாற வேண்டும்.

எங்கே தங்கலாம்?

கோயிலின் யாத்ரி நிவாஸ் கொள்ளிடக் கரையில், பஞ்சக்கரை சாலையில் இருக்கிறது. ஆற்றுக் காற்று வரும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஊரில் திண்ணைகூடக் கிடைக்காது.

வயதான பெற்றோரை அழைத்து வருகிறோம். அவர்களால் முடியுமா?

மலைக்கோட்டைப் படிகளையும் கொள்ளிட மணலையும் விட்டுவிடுங்கள். அவர்களுக்குக் கல்லணைச் சாலை போதும். வண்டியை நிழலில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் அத்தை திருவளர்சோலைக்குப் பக்கத்தில் அப்படி ஒருமுறை ஒரு மணி நேரம் பேசினாள்: எந்தப் படித்துறையில் குடம் நழுவியது, யார் எடுத்துக் கொடுத்தது, அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று. மாமா முன் சீட்டில் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.